தாய் செத்த செம்மறிக் குட்டி, பொறந்து ரெண்டு நாள் ஆகுது, பால் குடிக்க மாட்டேங்குது, என்ன பண்றது?

கொல்லிமேட்டு வீடு (இரவு 8.10)

எல்லாருக்கும் வணக்கம். எங்களுக்கு வேலூர் மாவட்டம், அணைக்கட்டு ஊர் பக்கம். ரெண்டரை ஏக்கர், அதுல ஒன்றரை கழனி, மீதி கொல்லி, அதான் மேட்டு நெலம், ஒரு ஜெர்சி கலப்பு பசு, பத்து பதினஞ்சு நாட்டுக்கோழி, அவ்ளோதான். ஆடு இதுவரைக்கும் வளத்ததே இல்ல.

நெல்லு அறுத்ததும் வருஷா வருஷம் கழனியில ஆட்டு மந்தை மடக்குவோம், வேற ஊர்ல கிடை போடுறதுன்னு சொல்வாங்க. போளூர் பக்கத்துலருந்து வர்றவங்க, எங்க மாமாவுக்கு ரொம்ப வருஷ பழக்கம். முந்தாநேத்து ராத்திரி அந்த மந்தையில ஒரு ஆடு ரெட்டைக் குட்டி போட்டுச்சு, ஒன்னு பொறக்கும்போதே செத்துடுச்சு, விடியக்காத்தால பாத்தா தாயும் செத்து கெடக்குது. மிச்சம் இருந்த கெடாக்குட்டிய வேற தாய்ங்க கிட்ட விட்டு பாத்தாங்க, எல்லாம் முட்டி தள்ளிடுச்சு. நேத்து அவங்க அடுத்த ஊருக்கு கெளம்பும்போது பெரியவரு வந்து "இத தூக்கிகினு நடக்க முடியாதும்மா, நீயே வச்சிக்க, பொழச்சா ஒன்னுது" அப்டின்னு என் கையில குடுத்துட்டு போயிட்டாரு. அவர் கண்ணும் கலங்கிதான் இருந்துச்சு. தாய் சாகுறதுக்கு முன்னாடி ரெண்டு மூணு வாய் சீம்பால் குடிச்சிருக்கும்னு சொன்னாரு, எவ்ளோன்னு தெரியாது.

நேத்து எங்க பசும்பால பாப்பாவோட பழைய ஃபீடிங் பாட்டில்ல குடுத்தேன், கொஞ்சம் குடிச்சுது. இன்னிக்கு காலையிலருந்து சரியா குடிக்கல, மத்தியானத்துலருந்து சுத்தமா சப்பல, தலைய தொங்க போட்டு படுத்துகினு இருக்குது, பாலு வாயோரமா வழிஞ்சிடுது. மடியில சாய்ச்சு வச்சு ஊத்துனா இருமுது. என் பொண்ணு ரெண்டாவது படிக்கிறா, அது பக்கத்துலயே குந்திகினு சோறு கூட வேணாம்ங்குறா. ஒரு உசுர நம்ம கையில குடுத்துட்டு போயிட்டாங்க, எப்பிடியாவது காப்பாத்தணும். இப்போ ராத்திரி நேரம், டாக்டர் யாரும் கெடைக்க மாட்டாங்க. யாராவது உடனே சொல்லுங்க.

மேய்ச்சல்காரன் கேவிகுப்பம் (இரவு 8.25)

அக்கா மொதல்ல அந்த பாட்டில கீழ வைங்க. இப்போ பால் குடுக்காதீங்க.

ஒங்க சுண்டுவெரல நல்லா கழுவிட்டு குட்டியோட வாய்க்குள்ள விட்டு பாருங்க. உள்ள வெதுவெதுப்பா இருந்தா பரவாயில்ல, சில்லுனு இருந்தா குட்டி குளுர்ல விறைச்சு போயிருக்குதுன்னு அர்த்தம். தை மாசம் முடியப்போகுது ஆனா பனி இன்னும் விடல, நம்ம செம்மறிக்கு கம்பளி ஆடு மாதிரி ரோமம் கெடையாது, வெறும் முடிதான், அதுலயும் தாய் நக்கி காய வைக்காத குட்டி, பக்கத்துல அணைச்சு படுக்க யாரும் இல்லாத குட்டி, ராத்திரி தரையில படுத்தா சூடு எறங்கிடும். சூடு எறங்குன குட்டிக்கு பால ஊத்துனா வயித்துல செரிக்காது, அப்படியே கெடக்கும், இல்லன்னா நுரையீரலுக்கு போயிடும். மொதல்ல சூடு, அப்புறம்தான் பாலு. இத மட்டும் மனசுல வைங்க.

வீட்ல காய்ச்சல் பாக்குற தெர்மாமீட்டர் இருந்தா பின்பக்கம் கொஞ்சமா வச்சு பாருங்க. செம்மறிக் குட்டிக்கு 102லருந்து 104 வரைக்கும் இருக்கணும், மனுஷனுக்கு காய்ச்சல்னு சொல்றது அதுக்கு நார்மல். 99க்கு கீழ வந்துட்டா ஆபத்து.

என்ன பண்ணணும்னா, ஒரு பழைய துண்டு வச்சு ஒடம்பு பூரா நல்லா தேச்சு வுடுங்க, தாய் நக்குற மாதிரி, கொஞ்சம் அழுத்தியே தேய்க்கலாம். ரெண்டு தண்ணி பாட்டில்ல சுடுதண்ணி ஊத்தி துணி சுத்தி ரெண்டு பக்கமும் அணைச்சு வைங்க, நேரா தோல்ல படக்கூடாது, வெந்துடும். கோழி கவுக்குற கூடை இருக்கும்ல, அதுக்குள்ள சாக்கு போட்டு வைக்கோல் போட்டு குட்டிய வச்சு, மேல குண்டு பல்பு ஒன்ன தொங்க விடுங்க, இந்த எல்ஈடி பல்பு சூடு தராது, பழைய மஞ்ச பல்புதான் வேணும். பல்பு வைக்கோல்ல படாம பாத்துக்கோங்க. அடுப்பாங்கரையில வச்சாலும் நல்லதுதான். ஒரு மணி நேரம் கழிச்சு மறுபடியும் வாயில வெரல விட்டு பாத்துட்டு இங்க சொல்லுங்க. முழிச்சிகினுதான் இருப்பேன்.

குடியாத்தம் நைனா (இரவு 8.40)

எங்க காலத்துல பால்ல பாதிக்கு பாதி தண்ணி கலந்து குடுப்போம், அப்பதான் கழிச்சல் வராது. குளுருக்கு ரெண்டு சொட்டு பிராந்தி நாக்குல வச்சா டக்குனு எழுந்துக்கும். பயப்படாதம்மா.

ஓய்வு ஆய்வாளர் வாலாஜா (இரவு 8.55)

நைனா, கோவிச்சிக்காதீங்க, பெரியவங்க நீங்க, ஆனா ரெண்டும் வேணாம். நான் கால்நடை ஆய்வாளரா இருந்து ரிட்டையர் ஆனவன், பழைய வடாற்காடு ஒரே மாவட்டமா இருந்த காலத்துலருந்து, 1989ல அது ரெண்டா பிரிஞ்சதுக்கு முன்னாடியே வேலைக்கு சேந்தவன், இந்த ரெண்டு விஷயத்தால போன குட்டிங்கள நெறைய பாத்துட்டேன்.

சாராயம், பிராந்தி உள்ள போனா தோல் பக்கம் ரத்தம் ஓடி சூடா இருக்குற மாதிரி தெரியும், ஆனா ஒடம்போட உள்சூடு இன்னும் வேகமா வெளிய போயிடும். தெம்பு இல்லாத குட்டிக்கு அது வெஷம். அதே மாதிரி தண்ணி. செம்மறி பால்ல கொழுப்பு 6, 7 சதவீதம் இருக்கும், பசும்பால்ல 4 சொச்சம்தான். ஏற்கனவே தாய்ப்பாலுக்கு கம்மியான பாலு, அதுல இன்னும் தண்ணி ஊத்துனா குட்டி வயிறு ரொம்பும் ஆனா ஒடம்புக்கு ஒன்னும் சேராது. கழிச்சல் வர்றது பால் கெட்டியா இருக்குறதால இல்ல, ஒரேயடியா நெறைய குடுக்குறதாலயும் பாட்டில் சுத்தம் இல்லாததாலயும் வர்றது.

தங்கச்சி, மேய்ச்சல்காரர் சொன்னது அத்தனையும் சரி. அதோட, குட்டிக்கு மத்தியானத்துலருந்து வயித்துல ஒன்னும் இல்ல, ஒடம்புல சர்க்கரை எறங்கியிருக்கும். வீட்ல குளுகோஸ் பவுடர் இருந்தா ஒரு ஸ்பூன் தண்ணியில கொழைச்சு வெரல்ல தொட்டு ஈறுல தடவுங்க, கொஞ்ச கொஞ்சமா, ஊத்தாதீங்க. தலைய தானா தூக்க முடியாத குட்டி வாயில எதையுமே ஊத்தக்கூடாது. ஒரு மணி நேரத்துல தலை தூக்கலன்னா விடிஞ்சதும் பக்கத்து கால்நடை மருந்தகத்துக்கு தூக்கிட்டு போங்க, இல்ல 1962க்கு போன் பண்ணுங்க, அது கால்நடைக்கான ஆம்புலன்ஸ் நம்பர், காசு கெடையாது. டாக்டர் வயித்துக்குள்ள குளுகோஸ் ஊசி போடுவாரு, இல்ல டியூப் போட்டு பால் ஏத்துவாரு. அது நீங்க வீட்ல பண்ற வேல இல்ல.

சீம்பால பத்தி. அது பொறந்த மொத ஆறு மணி நேரத்துக்குள்ள உள்ள போனாதான் முழு பலன், 24 மணி நேரம் தாண்டுனா குடல் அந்த எதிர்ப்பு சக்திய உறிஞ்சுறத நிறுத்திடும். ஒங்க குட்டிக்கு அந்த நேரம் போயிடுச்சு. குடிச்ச ரெண்டு வாய் எவ்ளோ காப்பாத்துதோ அவ்ளோதான், அதனால இந்த குட்டிக்கு சுத்தம் ரொம்ப முக்கியம், மத்த குட்டிய விட டபுள் மடங்கு.

ஆரணி ரோடு (இரவு 9.15)

அக்கா நான் போன வருஷம் இதே மாதிரி ஒரு குட்டிய இழந்தவ. அதனால ஒரே ஒரு விஷயம் சொல்றேன். மடியில மல்லாக்க சாய்ச்சு கைக்குழந்தைக்கு குடுக்குற மாதிரி குடுக்காதீங்க. நீங்க எழுதுனத படிச்சதும் எனக்கு திக்குனு ஆயிடுச்சு. நானும் அப்பிடித்தான் குடுத்தேன், பாசத்துல தான், அது இருமுச்சு, நான் பொறையேறுதுன்னு நெனச்சு முதுக தட்டி மறுபடி குடுத்தேன். மூணாம் நாள் மூக்குல சளி, கொர் கொர்னு மூச்சு, அஞ்சாம் நாள் இல்ல. நுரையீரல்ல பால் போயிருக்குதுன்னு டாக்டர் சொன்னாரு.

குட்டி அது கால்ல நிக்கணும். நிக்க வச்சு, தாய் மடிய முட்டி குடிக்கும்போது கழுத்து எப்பிடி கொஞ்சம் மேல தூக்கி இருக்கும், அந்த மாதிரி இருக்கணும், தலைய அண்ணாந்து வானத்த பாக்குற மாதிரியும் வைக்கக் கூடாது. நிக்க முடியலன்னா நெஞ்ச தரையில வச்சு குந்த வைக்கலாம். இப்ப எப்பிடி இருக்குதுன்னு சொல்லுங்க அக்கா, பாத்துகினே இருக்கேன்.

கொல்லிமேட்டு வீடு (இரவு 10.05)

வாயில வெரல விட்டேன், ஐஸ் மாதிரி இருந்துச்சு. தெர்மாமீட்டர்ல 98.2. மாமா பரண் மேலருந்து பழைய மஞ்ச பல்பு ஒன்னு தேடி எடுத்தாரு, கூடைய அடுப்பு பக்கத்துல வச்சு, நீங்க சொன்ன மாதிரியே ரெண்டு பாட்டில் வச்சிருக்கோம். குளுகோஸ் இருந்துச்சு, தடவுனேன். அத்தை அவங்க பழைய நூல் பொடவைய கிழிச்சு போத்தி விட்டாங்க.

இப்போ பத்து நிமிஷம் முன்னாடி தலைய தூக்கி ஒரு தடவ கத்துச்சு. ரொம்ப மெல்லிசா. என் பொண்ணு தூங்கிட்டா, அவள எழுப்பி சொல்லணும் போல இருந்துச்சு.

ஆரணி ரோடு, ஒங்க குட்டி விஷயம் படிச்சு மனசு கஷ்டமா போச்சும்மா. இனிமே மடியில வைக்க மாட்டேன்.

மேய்ச்சல்காரன் கேவிகுப்பம் (இரவு 10.15)

கத்துச்சுன்னா பாதி கெணறு தாண்டியாச்சு அக்கா. இன்னும் அரை மணி கழிச்சு சூடு பாருங்க. 101 தாண்டி, தானா குந்தி தலைய புடிச்சு வச்சுதுன்னா, அப்போ பாலு. மொத தடவ 30 எம்எல், அதுக்கு மேல வேணாம். கை மணிக்கட்டுல ஊத்தி பாத்தா வெதுவெதுன்னு இருக்கணும், சுடக்கூடாது ஆறியும் இருக்கக்கூடாது. நிப்பிள் ஓட்ட பாருங்க, பாட்டில கவுத்தா சொட்டு சொட்டா வரணும், ஒழுகக்கூடாது. கொழந்தைக்கு இருந்த நிப்பிள கடிச்சு ஓட்ட பெருசாகி இருந்தா அதான் வாயோரமா வழிஞ்சிருக்கும், புதுசு வாங்கிடுங்க.

சப்பலன்னா ஒரு வேல பண்ணுங்க. பாட்டில நீட்டும்போது குட்டி கண்ண ஒங்க உள்ளங்கையால லேசா மூடி, இன்னொரு கையால வாலடிய தேச்சு விடுங்க. தாய் வயித்துக்கு அடியில போகும்போது அதுக்கு இருட்டாதான் இருக்கும், தாய் வாலடிய மோந்துகினு நக்கும், அப்பதான் அதுக்கு சப்பணும்னு தோணும். வால் ஆட ஆரம்பிச்சா பால் எறங்குதுன்னு தெரிஞ்சிக்கலாம்.

கொல்லிமேட்டு வீடு (இரவு 11.20)

101.4. கண்ண மூடி வாலடிய தேச்சேன். மொதல்ல நிப்பிள வாயில வச்சுகினு சும்மா நின்னுச்சு, நாலு காலும் வெட வெடன்னு நடுங்குது, நான் தொடைக்கு நடுவுல அணைச்சு புடிச்சிருந்தேன். அப்புறம் நாக்க நிப்பிளுக்கு அடியில சுருட்டி ஒரு இழு இழுத்துச்சு. பாட்டிலுக்குள்ள குமிழி வந்துச்சு. அடுத்த இழுல அந்த இத்துனூண்டு வால் ஆட ஆரம்பிச்சுது பாருங்க. 30 எம்எல் குடிச்சிட்டு இன்னும் வேணும்னு என் முட்டிய முட்டுது. குடுக்கல, நீங்க சொன்னதால. மாமா பக்கத்துல நின்னு பாத்துட்டு ஒன்னும் சொல்லாம போயி கூடையில வைக்கோல மாத்தினாரு.

நாளையிலருந்து எப்பிடி குடுக்கணும், எத்தன தடவ?

ஓய்வு ஆய்வாளர் வாலாஜா (மறுநாள் காலை 6.30)

நல்ல சேதி. எடை போட்டு பாருங்க, காய் நிறுக்குற தராசு போதும். நம்ம பக்கம் அதிகமா இருக்குறது சென்னை சிவப்பு செம்மறி, அது பொறக்கும்போது ரெண்டரை கிலோ சுமாருக்கு இருக்கும். ரெட்டைக் குட்டின்னா இன்னும் கொறைவு. ஒரு நாளைக்கு குட்டி எடையில ஆறுல ஒரு பங்கு பால்னு வச்சிக்கோங்க. ரெண்டு கிலோ சொச்சம் குட்டின்னா 350லருந்து 400 எம்எல், அத ஆறா பிரிச்சு நாலு மணி நேரத்துக்கு ஒருக்கா 60, 65. ராத்திரி ஒரு தடவ எழுந்துதான் ஆகணும். மொத வாரம் அப்பிடி. ரெண்டாவது வாரம் அஞ்சு வேள, மூணாவது வாரம் நாலு வேள, எடை ஏற ஏற அளவ ஏத்துங்க. பசியோட கத்துதேன்னு ஒரே வேளையில அரை லிட்டர் குடுத்தா வயிறு உப்பி கொஞ்ச மணி நேரத்துலயே செத்துடும், அது நான் கண்ணால பாத்தது. கொஞ்சம் பசி இருக்குற குட்டிதான் நல்ல குட்டி.

ஒரே பசுவோட பாலே குடுங்க, மாத்தி மாத்தி குடுக்காதீங்க. காய்ச்சி ஆற வச்ச பால். என்னைக்காவது பசு பால் கொறஞ்சு பாக்கெட் வாங்க வேண்டி வந்தா ஆவின்ல ஆரஞ்சு பாக்கெட் வாங்குங்க, அதுல 6 சதவீதம் கொழுப்பு, நீல பாக்கெட்ல 3தான். சர்க்கரை போடாதீங்க. பாட்டில், நிப்பிள் ஒவ்வொரு தடவையும் கொதிக்கிற தண்ணியில.

இன்னும் ஒன்னு, இத யாரும் சொல்ல மாட்டாங்க. தாய் இருந்தா குட்டியோட பின்பக்கத்த நக்கி நக்கி சுத்தம் பண்ணும், அப்பதான் அது சாணி போடும். இங்க தாய் இல்ல. ஒவ்வொரு தடவ பால் குடுத்ததும் வெந்நியில நனைச்ச துணியால பின்பக்கத்த தொடச்சு விடுங்க. பால் குடிக்கிற குட்டி சாணி மஞ்சளா பசை மாதிரி இருக்கும், அது காஞ்சு அடைச்சிக்கும், வால் ஒட்டிக்கும், உள்ள இருக்குறது வெளிய வர முடியாம வயிறு வீங்கும். இழுத்து பிக்காதீங்க, வெந்நியில ஊற வச்சு எடுங்க.

தொப்புள பாருங்க. டிங்சர் அயோடின் மருந்துக்கடையில கெடைக்கும், காயாம ஈரமா இருந்தா தொட்டு வைங்க. தொப்புள் வீங்கி சூடா இருந்தாலோ, முட்டி வீங்கி நொண்டினாலோ காத்திருக்காம டாக்டர் கிட்ட போயிடுங்க.

கொல்லிமேட்டு வீடு (எட்டாம் நாள்)

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. 2.1 கிலோ இருந்தது இப்போ 2.9. பேரு செவலைன்னு என் பொண்ணு வச்சிருக்கா. அலாரம் வச்சு ராத்திரி ரெண்டு மணிக்கு நானும் அவரும் மாறி மாறி எழுந்துக்குறோம்.

நேத்துலருந்து கழிச்சல். தண்ணியா, வெளுப்பா போகுது. ஆனா சுறுசுறுப்பாதான் இருக்குது, பாலும் கேக்குது. நேத்து எங்க வீட்டுக்கு வந்த ஒறவுக்காரங்க பாசத்துல ஒரு வேள கூட குடுத்துட்டாங்க, அதுவா இருக்குமா?

ஓய்வு ஆய்வாளர் வாலாஜா

அதுவேதான். ரெண்டு வேள பால நிறுத்திட்டு அந்த வேளைக்கு ஓஆர்எஸ் குடுங்க, ஆரம்ப சுகாதார நிலையத்துல குடுக்குற பாக்கெட் போதும், ஒரு லிட்டர் கொதிச்சு ஆறின தண்ணியில கரைச்சு, வெதுவெதுப்பா. பாலையும் அதையும் ஒன்னா கலக்காதீங்க. அப்புறம் கொஞ்ச அளவுல பால ஆரம்பிங்க. கழுத்து தோல ரெண்டு வெரலால கிள்ளி விட்டு பாருங்க, ஒடனே படிஞ்சா சரி, மடிப்பு அப்படியே நின்னா தண்ணி சத்து கொறைஞ்சு போச்சுன்னு அர்த்தம். ரத்தம் கலந்து போனாலோ, சோர்ந்து படுத்தாலோ, ஒரு நாளைக்கு மேல போனாலோ கூட்டிட்டு போங்க. வேலூர் பக்கம் மேல்மொணவூர்ல கால்நடை பல்கலைக்கழகத்தோட பயிற்சி மையம் இருக்குது, ஆடு வளக்குறத பத்தி பயிற்சியும் குடுக்குறாங்க. ஒரு தடவ போய் கேட்டுட்டு வாங்க, இனிமே நீங்க ஆடு வளக்குறவங்க.

வீட்ல ஒருத்தர் மட்டும் பால் குடுக்கணும், செவுத்துல ஒரு தாள் ஒட்டி நேரமும் அளவும் எழுதுங்க, அப்போ யாரும் பாசத்துல கூட குடுக்க மாட்டாங்க.

மேய்ச்சல்காரன் கேவிகுப்பம்

அக்கா, பக்கத்துல யார் கிட்டயாவது குட்டி போட்ட வெள்ளாடு கீதா? ஒத்தக் குட்டி போட்டதா பாருங்க. எங்க அப்பா காலத்துலருந்து நாங்க அப்பிடித்தான் பண்றோம். ஆட்ட ரெண்டு வேள கால புடிச்சிகினு நின்னு குட்டிய ஊட்ட விடுவோம். மொதல்ல அந்த ஆட்டு பாலயே கறந்து நம்ம குட்டியோட தலையிலயும் வாலடியிலயும் தடவிடணும், ஏன்னா தாய் குட்டிய கண்ணால பாத்து இல்ல, வாலடிய மோந்து பாத்துதான் தன்னுதா இல்லையான்னு முடிவு பண்ணும். நாலஞ்சு நாள்ல சில ஆடு ஏத்துக்கும், சிலது கடைசி வரைக்கும் ஏத்துக்காது, அப்போ புடிச்சிகினே ஊட்ட வேண்டியதுதான்.

ஒரு ஆட்டுக்கு குட்டி செத்து போயி, அதே நேரத்துல இன்னொரு குட்டிக்கு தாய் செத்து போனா, செத்த குட்டியோட தோல உரிச்சு இந்த குட்டி மேல சட்ட மாதிரி போத்தி விடுவோம். அந்த வாசத்துல தாய் சேத்துக்கும். மூணு நாலு நாள்ல தோல எடுத்துடலாம், அதுக்குள்ள அது குடிச்ச பாலோட வாசம் இந்த குட்டி ஒடம்புல வந்துடும். ஒங்க குட்டிய மந்தையிலயே அப்பிடி சேக்க வாய்ப்பு இருந்திருக்காது, ஒரு குட்டி செத்தது அதோட கூடப்பொறந்ததுதானே.

கொல்லிமேட்டு வீடு (பதிமூணாம் நாள்)

கழிச்சல் ஒரே நாள்ல நின்னுடுச்சு. எதிர் வீட்டு பெரிம்மா கிட்ட ஒரு வெள்ளாடு, ஒத்தக் குட்டி, பதினஞ்சு நாள் ஆகுது. கேட்டதும் "ஏன்டி இத மொதல்லயே சொல்லல" அப்டின்னு அவங்களே ஓட்டிகினு வந்துட்டாங்க. மொத நாள் ஒதைச்சுது. நான் பின்கால புடிச்சிருந்தேன், பெரிம்மா கொம்ப புடிச்சிகினு அகத்திக் கீரைய ஊட்டி ஊட்டி பேசிகினே இருந்தாங்க. இன்னிக்கு அஞ்சாவது நாள், கால மட்டும் லேசா தொட்டுகினு இருந்தா போதும், நிக்குது. செவலை முட்டி முட்டி குடிக்கிறத பாத்தா அந்த ஆடே ஒரு மாதிரி திரும்பி பாக்குது. காலையில சாயந்திரம் அங்க, மத்த வேளைக்கு பாட்டில்.

தழை எப்போ காட்டலாம்? பொண்ணு சாப்ட்ட தட்டுலருந்து சோறு எடுத்து நீட்டுறா, வேணாம்னு புடுங்கிட்டேன், சரிதானே?

மேய்ச்சல்காரன் கேவிகுப்பம்

சரியா பண்ணீங்க. சோறு, கஞ்சி, ஊறவச்ச அரிசி எதுவும் வேணாம். கல்யாண வீட்டு சோத்த தின்னுட்டு வயிறு புளிச்சு செத்த ஆடுங்கள எங்க ஊர்ல வருஷத்துக்கு ஒன்னாவது பாப்போம், பெரிய ஆட்டுக்கே அப்பிடின்னா குட்டிக்கு கேக்கவே வேணாம்.

இப்பவே அகத்தி, இல்ல வேலிமசால்னு ஒரு தீவனச் செடி, அதுல கொத்து ஒன்ன அது மூக்கு ஒசரத்துக்கு தொங்க விடுங்க. வெளையாட்டா கடிக்கும், துப்பும், அப்பிடியே பழகிடும். காஞ்ச மல்லாட்டை (வேர்க்கடலை) கொடி இருந்தா கொஞ்சம் போடுங்க, ரொம்ப நல்லது, பூஞ்சை புடிச்சதா இருக்கக்கூடாது. குடிக்க சுத்தமான தண்ணி எப்பவும் இருக்கணும், பால்தான் குடிக்குதேன்னு விட்டுடாதீங்க. மண்ண நக்குனா தாது உப்பு கட்டி ஒன்னு கட்டி விடுங்க. தழையும் தீவனமும் நல்லா திங்க ஆரம்பிச்சா ரெண்டு மாசத்துல பால கொறைக்கலாம், மூணாவது மாசம் சுத்தமா நிறுத்திடலாம்.

ஆரணி ரோடு

எனக்கு இத படிக்க படிக்க அழுகையே வருது அக்கா. செவலைக்கு என் முத்தம் சொல்லுங்க. நானும் மறுபடி ஒரு குட்டி எடுத்து வளக்கலாம்னு நெனைக்கிறேன், இத்தன நாளா பயந்துகினு இருந்தேன்.

கொல்லிமேட்டு வீடு (எழுவத்தி ரெண்டாம் நாள்)

ரொம்ப நாள் கழிச்சு வரேன். செவலை ஏழு கிலோ தாண்டிட்டான். ஒரு வேள பால் மட்டும்தான் இப்போ. டாக்டர் கிட்ட கூட்டிகினு போயி பூச்சி மருந்து குடுத்தாச்சு. கொம்பு மொளைக்கிற எடத்துல ரெண்டு சின்ன மொட்டு தெரியுது.

ரெண்டு விஷயம் கேக்கணும். ஒன்னு, தடுப்பூசி எப்போ. ரெண்டு, அவன் மனுஷங்க பின்னாடியே சுத்துறான். என் பொண்ணு நெத்தியில கைய வச்சு தள்ளுவா, அவன் முட்டுவான், ரெண்டு பேருக்கும் அது வெளையாட்டு. வெள்ளாட்டுக் குட்டி கூட கொஞ்சம் சேருவான், ஆனா அது மேய்ச்சலுக்கு போயிட்டா கூடவே போகாம திரும்பி வீட்டு வாசல்ல வந்து கத்துறான்.

ஓய்வு ஆய்வாளர் வாலாஜா

தங்கச்சி, அந்த முட்டுற வெளையாட்ட இன்னிக்கே நிறுத்துங்க. பாட்டில்ல வளந்த கெடாவுக்கு மனுஷன் மேல பயம் இருக்காது, நம்மளையும் இன்னொரு கெடாவாதான் நெனைக்கும். இப்போ ஏழு கிலோ, முழுசா வளந்தா முப்பது கிலோவுக்கு மேல வருவான், சென்னை சிவப்புல கெடாவுக்கு கொம்பு நல்லா முறுக்கி வளரும், பொட்டைக்குத்தான் கொம்பு இருக்காது. அன்னிக்கு வந்து ஒங்க பொண்ண பாசமா முட்டுனாலும் எலும்பு தாங்காது. நெத்திய தொடவே வேணாம், தாடைக்கு அடியிலயும் கழுத்துலயும் தடவ சொல்லுங்க.

தடுப்பூசி, மூணு மாசம் முடிஞ்சதும் ஆட்டுக்கொல்லிக்கு போடணும், பிபிஆர்னு சொல்வாங்க. மழைக்கு முன்னாடி துள்ளுமாரிக்கு, அது குடல்ல நஞ்சு சேந்து ஆடு திடீர்னு சாகுற நோய். இது ரெண்டும் நம்ம ராணிப்பேட்டையில இருக்குற தடுப்பு மருந்து நிலையத்துலயே தயாராகுது, 1932ல ஆரம்பிச்சது அது, தமிழ்நாட்டு ஆடு மாடுங்களுக்கு நெறைய தடுப்பூசி அங்கருந்து போகுது. ஒங்க ஊருக்கு கேம்ப் எப்போன்னு மருந்தகத்துல கேட்டு வைங்க.

தனியா வளக்குறதுதான் இப்போ அவனுக்கு இருக்குற ஒரே கொறை. செம்மறி மந்தையில பொறந்த ஜீவன், நாலு ஆடு கூட இருந்தாதான் அதுக்கு தூக்கமே வரும். இன்னொரு செம்மறி வேணும் அவனுக்கு.

கொல்லிமேட்டு வீடு

மாமாவும் அதேதான் சொல்றாரு. நாளைக்கு செவ்வாக்கெழம, பொய்கை சந்தைக்கு போறேன், ஒரு பொட்டைக்குட்டி பாத்து புடிச்சிகினு வரேன்னு கெளம்பி நிக்கிறாரு, அவருக்கும் ஆடு வாங்கி பழக்கம் இல்ல. என்ன பாத்து வாங்கணும்னு சொல்லுங்க, காலையில அஞ்சு மணிக்கு பஸ்சு.

மேய்ச்சல்காரன் கேவிகுப்பம்

மாமாகிட்ட இத சொல்லுங்க. கீழ் இமைய இழுத்து பாக்கணும், உள்ள நல்ல செவப்பா இருக்கணும், வெளுத்திருந்தா வயித்துல புழு ரத்தத்த குடிச்சிருக்கு. வால தூக்கி பாக்கணும், பின்பக்கம் காஞ்சு சுத்தமா இருக்கணும். மூக்கு ஒழுகக்கூடாது, வாயில புண்ணு கீதான்னு உதட்ட புரட்டி பாக்கணும். பத்து அடி நடக்க விட்டு பாக்கணும். கும்பல்ல தனியா ஒதுங்கி தலைய தொங்க போட்டு நிக்கிறத வெல கம்மின்னு வாங்கிடாதீங்க. மூணு நாலு மாசக் குட்டியா, பால் மறந்ததா பாருங்க.

வீட்டுக்கு வந்ததும் ஒடனே செவலை கூட விடாதீங்க அக்கா. சந்தையில எத்தன ஊர் ஆடு மூச்சு வுட்டிருக்கும், நம்ம பையனுக்கு சீம்பாலும் சரியா கெடைக்கல, ஊசியும் இன்னும் போடல. பதினஞ்சு நாள் எட்டத்துல தனியா கட்டுங்க, தண்ணி தொட்டி தனி, அதுக்கு தீனி வச்ச கையோட இவன தொடாதீங்க. ஒருத்தர ஒருத்தர் பாக்குற மாதிரி மட்டும் எட்ட கட்டுங்க, கத்திக்கினு பேசிக்கட்டும். மாமா திரும்பி வந்ததும் குட்டி போட்டோவ இங்க போடுங்க, இமைய இழுத்து ஒரு போட்டோ, பல்லு தெரியுற மாதிரி ஒரு போட்டோ, பாத்து சொல்றேன்.